அரை லீற்றர்

சுற்றறிக்கை சொல்லுகிறது:
ஒயிலை வடித்துவிட்டு
அரை லீற்றர் கண்ணாடிக் கரைசல் ஊற்று,
முடுக்கு,
தானாக நிற்கும்வரை நிறுத்தாதே.

எஞ்சின் ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபா.
களுவாஞ்சிகுடியில், வாவிப் பக்கம்,
தகரம் அடைத்த அரச வளவு.
பதினெட்டு வருசம் திருத்தின கைக்கு
இது புதுத் தொழில்.

மூன்று நிமிசம், நாலு நிமிசம்.
முதலில் இருமும்.
பிறகு உள்ளே ஏதோ பல்லைக் கடித்துக்கொள்ளும்.
பரஞ்சோதியரின் ஓட்டோ மட்டும் பதினொரு நிமிசம்.
அவர் தகரத்துக்கு வெளியே நின்று
மணிக்கூட்டைப் பார்த்தார்.
"போன மாசம்தான் பிஸ்டன் றிங் மாத்தினது" என்றார்.
மாற்றினவன் நான்.

அவருடைய புது ஓட்டோவுக்குப் புகை இல்லை, உண்மை.
லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் கூட ஓடும்,
அதுவும் உண்மை.
அரசாங்கம் தந்தது இரண்டு லட்சம்,
மிச்சம் லீசிங்.
பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு
மத்தியானம் முழுக்க வேம்படியில் படுத்த மனுசன்
இப்போது இரவு பத்து மணிக்கும்
கல்முனைச் சந்தியில் ஆள் தேடுகிறார்.
மீற்றரை எட்டிப் பார்த்தேன்:
மாதம் நாலாயிரம்.
பழையதைவிடக் கூடத்தான் குடிக்கிறது,
சுத்தமாய்க் குடிக்கிறது.

எழுவான்கரையில் களைத்த வண்டிக்கு
முன்பு ஒரு மறுமை இருந்தது.
குருமண்வெளித் துறையில் பாதையேறி
மண்டூரில் இறங்கும்.
படுவான்கரையில் எவரோ வாங்குவார்,
நெல் மூட்டை கட்டுவார்.
உடல் உக்கிய பிறகும் எஞ்சின் மட்டும்
மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்.

இப்போது நாற்பதாயிரத்து மோட்டார் சைக்கிள்
ஒரு லட்சத்து முப்பது.
வெல்லாவெளித் திலகமணி சீட்டுப் போட்டுச் சேர்த்தாள்.
விலை அவளைவிடக் கெட்டித்தனமாய்ச் சேர்த்தது.
மிதிசைக்கிளில் பால் கொண்டு வருகிறாள்,
துறைக்கு வருவதற்குள் புளித்துவிடும்.
"தயிரெண்டு நினைச்சு வாங்குங்க" என்கிறாள்
சிரிக்காமல்.

கார்த்திகை மழை.
வடித்த ஒயிலை ஏற்ற லொறி வரவேண்டும்,
கடிதம் போட்டிருக்கிறார்களாம்.
பீப்பாய்கள் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை.
தகரத்துக்குக் கீழால் ஒரு வானவில்
ஊர்ந்து வாவிக்குப் போனது.
உதுமாலெவ்வைக் காக்கா
இறாலை மணந்து பார்த்தார்,
கூடையை என் காலடியில் வைத்துவிட்டுக்
கிறுகிப் போனார்.

ஹெட்லைற் குழிகளில், ரயர்களில்
நுளம்புக் குடம்பி.
பீ.எச்.ஐ. தம்பி தண்டம் எழுத வந்தவர்,
"உரிமையாளர்" என்ற கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு
தகரத்தில் தொங்கும் அரச இலச்சினையை
அண்ணாந்து பார்த்தார்.
பிறகு கேட்டார்:
"அண்ணே, உங்கட பேரென்ன?"

நேற்று என் மோட்டார் சைக்கிளின் காபரேற்றர் செத்தது.
கடையில் இல்லை. கொழும்பிலும் இல்லை.
"அந்த மொடலெல்லாம் குடுத்திட்டாங்களே,
ஆருக்கெண்டு இறக்கிறது?"

சரி, நானும் கொடுத்துவிடலாம் என்று போனேன்.
ஒப்பிஸ் பிள்ளை விண்ணப்பத்தில் விரல் வைத்தாள்:
வாகனம் ஓடும் நிலையில் இருத்தல் வேண்டும்.

ஆக, கொல்வதற்கு முன்
உயிர் கொடுக்க வேண்டும்.

இரவு. டோர்ச்சை வாயில் கவ்வியிருக்கிறேன்.
என் மொடலில் நாற்பத்தொன்று நிற்கின்றன,
ஒவ்வொன்றிலும் ஈய முத்திரை, இலக்கம்,
என் கையெழுத்து.
ஒன்றின் கழுத்தில் ஸ்பனரைப் போட்டேன்.
முத்திரை அறுந்த சத்தம்
பல்லி சொன்னதுபோல.

பூட்டி உதைத்தேன்.
ஒரே உதையில் பிடித்தது.
போத்தல் பக்கத்தில்தான் இருக்கிறது,
அரை லீற்றர்.
நான் நியூற்றலில் குந்தியிருக்கிறேன்,
பெற்றோல் வீணாய் எரிகிறது,
தானாக நிற்கும்வரை
நிறுத்த மனமில்லை.